135 மரத்துக்கு ஒரு போர்க்கப்பல்

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் என்ற கணினி விளையாட்டின் முதல் பாகத்தை ஆடியவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் மறந்திருக்காது. டாக், அதாவது கப்பல் கட்டும் துறை, கட்ட 100 மரம். மீன்பிடிப் படகுக்கு 50. ஸ்கவுட் ஷிப் என்ற ஆரம்பப் போர்க்கப்பலுக்கு 135. ஆட்டம் வெண்கலக் காலத்துக்கு முன்னேறினால் அது வார் கேலி என்ற துடுப்புப் போர்க்கப்பலாகும், இரும்புக் காலத்தில் ட்ரைரீம் ஆகும். விலை அதே 135 மரம்தான். டாக்கில் ஒரு தட்டு, கப்பல் பொத்தானில் ஒரு தட்டு. கொஞ்ச நேரத்தில் கப்பல் தண்ணீரில் மிதக்கும். அதில் துடுப்பு வலிப்பது யார் என்று நாம் கேட்டதே இல்லை. மக்கள்தொகைக் கணக்கில் ஒரு போர்க்கப்பலும் ஒரு ஆள், ஓரமாக மரம் வெட்டிக்கொண்டிருக்கும் வில்லேஜரும் (கிராமத்து வேலையாள்) ஒரு ஆள்.

பிரவுசிங் சென்டர் காலத்தில் பக்கத்து சிஸ்டத்தில் ஆடும் அண்ணன் ஒருவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்றுதான்: "தம்பி, மரத்தை மட்டும் விட்டுடாத. மரம் இருந்தா கடல் உன்னுது." அவர் தோற்று நான் பார்த்ததில்லை. அதனால் அந்த வாக்கியத்தைப் பல வருடம் சந்தேகிக்கவும் இல்லை.

அதை உரசிப் பார்க்க ஒரு நிஜ நிகழ்வு உண்டு. கி.மு. 264 முதல் 241 வரை ரோமும், வட ஆப்பிரிக்கக் கரையில் இருந்த கார்தேஜும் சிசிலித் தீவுக்காக மோதிக்கொண்ட முதலாம் பியூனிக் போர். பியூனிக் என்றால் கார்தேஜைச் சேர்ந்தது. இருபத்து மூன்று வருடங்கள். இரு தரப்பும் சேர்ந்து ஆயிரத்துக்கு மேல் போர்க்கப்பல்களை இழந்தன. ரோம் சுமார் 700, கார்தேஜ் சுமார் 500 என்பது பாலிபியஸ் என்ற கிரேக்க வரலாற்றாளர் தரும் கணக்கு. அதிகம் இழந்தது ரோம். ஜெயித்ததும் ரோம். டாக் விளையாட்டு ஆடுகிறவனுக்கு இது முதல் பார்வையில் அண்ணன் சொன்னதற்கு ஆதாரம் போலத்தான் தெரியும்: மரம் அதிகம் வைத்திருந்தவன் ஜெயித்தான். கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தால் அப்படி இல்லை.

அறுபது நாள்

போர் தொடங்கும்போது ரோமிடம் சொல்லிக்கொள்ளும்படி கடற்படை கிடையாது. இத்தாலிக்கும் சிசிலிக்கும் நடுவே உள்ள மெசினா நீரிணையைத் தாண்டிப் படையைக் கொண்டுபோனதே நட்பு நகரங்களிடம் கடன் வாங்கிய கப்பல்களில்தான். அப்படிக் கடக்கும்போது தாக்க வந்த கார்தேஜ் கப்பல் ஒன்று வேகத்தில் கரையேறி மாட்டிக்கொண்டது. அதைப் பிடித்து அக்குவேறு ஆணிவேறாகப் பார்த்துத்தான் தங்கள் முதல் பெரிய கப்பல்படையைக் கட்டினார்கள் என்கிறார் பாலிபியஸ். 100 குவின்குரீம், 20 ட்ரைரீம். மரம் வெட்டிய நாளிலிருந்து 60 நாளில் கப்பல் கடலில் இறங்கியது என்று ரோம எழுத்தாளர் பிளினி எழுதுகிறார்.

குவின்குரீம் என்றால் ஐந்து அடுக்குத் துடுப்பு என்று நினைத்துவிட வேண்டாம். ஒன்றன்மேல் ஒன்றான துடுப்புகளில் ஒரு தொகுதிக்கு ஐந்து ஆட்கள் என்பதுதான் இன்று பெரும்பாலானவர்கள் ஏற்கும் விளக்கம். ஒரே துடுப்பை இரண்டு பேர் சேர்ந்து வலிப்பார்கள். ட்ரைரீமில் ஒவ்வொரு துடுப்புக்கும் ஆள் தேர்ந்தவனாக இருக்க வேண்டும். இங்கே இரண்டு பேரில் ஒருவன் தேர்ந்தவனாக இருந்தால் போதும், இன்னொருவன் பலத்தைக் கொடுத்தால் சரி. புதிதாகக் கடலுக்கு வருகிற நாட்டுக்கு இது வசதியான வடிவம்.

இந்த 60 நாள் கதையைக் கேட்டதும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. அப்புறம் மார்சாலா கப்பலைப் பற்றிப் படித்தேன். சிசிலியின் மேற்கு முனையில், லிலிபேயம் என்ற பழைய கார்தேஜ் கோட்டை நகரம் இருந்த இடத்துக்குப் பக்கத்துக் கடலில், 1970-களின் தொடக்கத்தில் ஹானர் ஃப்ராஸ்ட் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் ஒரு பியூனிக் கப்பலின் அடிப்பகுதியைத் தோண்டி எடுத்தார். இப்போது அது மார்சாலா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் பலகைகளில் தச்சர்கள் கார்தேஜ்காரர்களின் ஃபினீசிய எழுத்துகளைக் குறியாகத் தீட்டியிருந்தார்கள். எந்தப் பலகை எங்கே சேர வேண்டும் என்பதற்கான அடையாளம். நம் வீட்டுக்கு அட்டைப் பெட்டியில் வரும் அலமாரியில் 'ஏ', 'பி' என்று ஒட்டியிருப்பார்களே, அதே வேலை. கார்தேஜ் கப்பலை அச்சாக வைத்து ரோம் பலகை பலகையாக நகலெடுத்தது என்றால், 60 நாள் அவ்வளவு பெரிய புளுகு இல்லை.

ஆக உடற்கட்டு நகலெடுக்கக் கூடியது. மரமும் தச்சனும் இருந்தால் இரண்டு மாதத்தில் நூறு கப்பல். இந்த இடம் வரை அண்ணன் சொன்னது சரிதான்.

நகலெடுக்க முடியாதது எது என்பதும் பாலிபியஸின் அதே பக்கத்தில் இருக்கிறது. கப்பல் தச்சர் கையில் இருந்தபோது, கரையில் பலகை பெஞ்சுகளைக் கப்பலில் இருக்கும் அதே வரிசையில் போட்டு, ஆட்களை உட்காரவைத்து, நடுவில் தாளம் போடுகிறவனை நிறுத்தி, வெறும் காற்றில் துடுப்பு வலிக்கப் பழக்கினார்கள். கைகளை இழுத்து எல்லாரும் ஒன்றாகப் பின்னால் சாய, நீட்டி ஒன்றாக முன்னால் வளைய. மணலில் உட்கார்ந்து ஆயிரக்கணக்கான ஆட்கள் இல்லாத கடலை வலிக்கிறார்கள். இந்தப் போரில் எனக்குப் பிடித்த காட்சி இதுதான். எந்த விளையாட்டிலும் நான் இதைப் பார்த்ததில்லை.

நூறு குவின்குரீமுக்கு எத்தனை ஆள்? பாலிபியஸ் பின்னால் ஓரிடத்தில் கணக்குச் சொல்கிறார்: ஒரு கப்பலுக்கு 300 துடுப்பாளர், 120 போர் வீரர். நூறு கப்பலுக்குத் துடுப்பாளர் மட்டுமே முப்பதாயிரம் பேர். மரம் 60 நாளில் வந்துவிடும். முப்பதாயிரம் பேர்?

காகம்

முதல் அனுபவம் கேவலமாக முடிந்தது. 260-இல் தளபதி நேயஸ் கொர்னீலியஸ் ஸ்கிப்பியோ 17 கப்பலோடு லிப்பாரித் தீவுக்குப் போய், இரவோடு இரவாக வளைக்கப்பட்டு, பிடிபட்டார். அவருக்கு 'ஆசினா' என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது. லத்தீனில் பெண் கழுதை.

தரைப்படையில் இருந்த கையஸ் துயிலியஸ் கடற்படைப் பொறுப்புக்கு வந்தார். துடுப்பு வேலையில் கார்தேஜை மிஞ்ச முடியாது என்பது தெரிந்துபோன பிறகு, ரோமர்கள் ஆட்டத்தின் விதியையே மாற்றினார்கள். கப்பலின் அணியத்தில், அதாவது முன்முனையில், சுமார் 7 மீட்டர் உயரக் கம்பம் நட்டு, அதில் ஏறத்தாழ 11 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம் கொண்ட பாலத்தைக் கட்டித் தூக்கி நிறுத்தினார்கள். பாலத்தின் நுனியில் இரும்பு அலகு. எதிரிக் கப்பல் நெருங்கியதும் கயிற்றை விட்டால் பாலம் விழும், அலகு எதிரியின் தளத்தில் இறங்கும், ரோமக் காலாட்படை நடந்து போகும். இதற்குப் பெயர் கொர்வஸ், அதாவது காகம்.

சிசிலியின் வடகரையில் மைலே என்ற இடத்தில் 130 கப்பலோடு வந்த கார்தேஜ் தளபதி ஹன்னிபால் (யானையோடு ஆல்ப்ஸைக் கடந்தவர் அல்ல, கார்தேஜில் இந்தப் பெயருக்குப் பஞ்சமே இல்லை) அணிவகுக்கக்கூடச் செய்யாமல் இரையைப் பார்த்த மாதிரிப் பாய்ந்தார். 50 கப்பல் போயிற்று. அதில் அவர் ஏறிவந்த, ஒரு காலத்தில் பிர்ரஸ் என்ற கிரேக்க அரசனுக்குச் சொந்தமாயிருந்த பெரிய கப்பலும் அடக்கம். துயிலியஸுக்கு ரோமில், எதிரிக் கப்பலை இடிக்க முன்னால் பொருத்தும் முட்டுமுனைகள் பதித்த தூண் எழுப்பினார்கள். இரவு விருந்து முடிந்து வீடு திரும்பும்போது பந்தம் பிடிப்பவனும் குழல் ஊதுபவனும் கூடவே வரும் உரிமையையும் அவர் அனுபவித்தார்.

ரோம்: டோட்டல் வார் என்ற கணினி விளையாட்டு 2004-இல் வந்தபோது அதில் கொர்வஸ் குவின்குரீம் என்று தனியாக ஒரு கப்பலே இருந்தது. ஆனால் கடல் சண்டையை நாம் ஆட முடியாது. கணினியே கணக்குப் போட்டு முடிவைச் சொல்லும். காகம் இறங்குவதைப் பார்க்க ஆசைப்பட்டு அந்தக் கப்பலைக் கட்டியவர்களில் நானும் ஒருவன். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸில் போர்க்கப்பல்கள் அம்புதான் விடும். முட்டுவதும் இல்லை, ஏறிப் பிடிப்பதும் இல்லை. எதிரிக் கப்பலைக் கைப்பற்ற ஒரே வழி கரையில் நிற்கும் பூசாரி 'வொலோலோ' என்று மந்திரம் போட்டு அதை நம் பக்கம் மாற்றுவது.

எக்னோமஸ், அப்புறம் காற்று

256-இல் சிசிலியின் தெற்குக் கரையில் எக்னோமஸ் முனைக்கு அருகே நடந்த சண்டையை அப்படியே பாலிபியஸ் கணக்கில் எடுத்துக்கொண்டால் தலை சுற்றும். ரோமிடம் 330 கப்பல், கிட்டத்தட்ட 1,40,000 பேர். கார்தேஜிடம் 350 கப்பல், 1,50,000-க்கு மேல். ஏறக்குறைய மூன்று லட்சம் பேர் ஒரே நாளில் ஒரே கடலில். இந்த எண்ணை இன்றைய ஆய்வாளர்கள் பலர் குறைத்துத்தான் சொல்கிறார்கள். பாதியாக வெட்டினாலும் அது ஒரு நகரத்தைக் கப்பலில் ஏற்றிய கதை. ரோம் 24 கப்பலை இழந்தது. கார்தேஜுக்கு 30-க்கு மேல் மூழ்கின, 64 பிடிபட்டன.

விளையாட்டில் இந்த இடத்தில் 'வெற்றி' என்று திரை மின்னியிருக்கும். நடந்தது வேறு. ஆப்பிரிக்காவில் இறங்கிய ரோமப் படை அங்கே தோற்றது. மிச்சமிருந்தவர்களை ஏற்றிக்கொண்டு 255-இல் திரும்பும்போது, சிசிலியின் தெற்குக் கரையோரம் போகவேண்டாம், அது ஒதுங்க இடமில்லாத கரை, பருவமும் சரியில்லை என்று மாலுமிகள் மன்றாடினார்கள். தளபதிகள் கேட்கவில்லை. கமரீனா பக்கத்தில் புயல் பிடித்தது. 364 கப்பலில் 80 மிஞ்சியது.

ஒரு கப்பலுக்கு நானூறு பேர் என்ற கணக்கை இங்கே பொருத்திப் பாருங்கள். கப்பல் எல்லாம் நிறைந்திருக்கவில்லை என்று வைத்துக்கொண்டாலும் ஒரே புயலில் பல பத்தாயிரம் பேர். கொர்வஸின் பளுவால் கப்பல்கள் தலை கனத்துத் தள்ளாடியிருக்கலாம் என்று சிலர் ஊகிக்கிறார்கள். எக்னோமஸுக்குப் பிறகு அந்தக் காகத்தைப் பற்றிப் பாலிபியஸ் பேச்சே எடுப்பதில்லை என்பது உண்மை.

ரோம் என்ன செய்தது? மூன்றே மாதத்தில் 220 கப்பல் கட்டியது. டாக், தட்டு, தட்டு, தட்டு. 253-இல் அந்தப் படை ஆப்பிரிக்கக் கரைக்குப் போய், இன்றைய ஜெர்பா தீவருகே நீர் வற்றும்போது தரைதட்டி நின்று, பாரத்தையெல்லாம் கடலில் வீசித் தப்பித்து, திரும்பும் வழியில் மறுபடியும் புயலில் சிக்கி 150-க்கு மேல் இழந்தது. அதோடு செனட் கைகழுவியது. படைக்கு உணவு கொண்டுபோக 60 கப்பலுக்கு மட்டும் ஆள் போட்டால் போதும் என்றார்கள்.

மரம் தீர்ந்துபோனதா? இல்லை. இத்தாலியின் மலைக்காடுகள் அங்கேயேதான் இருந்தன. தீர்ந்தது எது என்பதை ரோமின் குடிமக்கள் கணக்கெடுப்பு காட்டுகிறது. 252 வாக்கில் சுமார் 2,97,000 என்றிருந்த ஆண் குடிமக்கள் எண்ணிக்கை, 247 வாக்கில் சுமார் 2,41,000. எல்லாரும் கடலில் போனவர்கள் அல்ல. துடுப்பாளர்களில் பெரும் பங்கு நட்பு நகரத்தவர்கள், அவர்கள் இந்தக் கணக்கில் வரவே மாட்டார்கள். அப்படியும் இவ்வளவு சரிவு.

டாக் என்பது என்ன

கப்பல் கட்டும் இடம் என்றுதான் விளையாட்டு நமக்கு டாக்கைக் காட்டுகிறது. பண்டைய மத்தியதரைக் கடலில் ராணுவத் துறைமுகத்தின் பெரும்பகுதி கட்டுவதற்கு அல்ல, காயப்போடுவதற்கு.

துடுப்புப் போர்க்கப்பல்கள் லேசான மரத்தில் செய்தவை. வேகத்துக்காக. லேசான மரம் தண்ணீரைக் குடிக்கும். குடித்தால் கனக்கும். கனத்தால் அதே துடுப்பாளர்கள் அதே வலி வலித்தாலும் வேகம் வராது. போதாக்குறைக்கு மரத்தைத் துளைக்கும் கடற்புழு. ஆகவே வேலை இல்லாத நாளெல்லாம் கப்பலைச் சரிவில் இழுத்துக் கூரைக்கு அடியில் வைக்க வேண்டும். ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகத்தில் மூன்று வளைகுடாக்களிலும் சேர்த்து இப்படிப்பட்ட கப்பல் கொட்டகைகள் 372 இருந்ததாக கி.மு. நான்காம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் சொல்கின்றன: ஸேயாவில் 196, காந்தரோஸில் 94, முனிக்கியாவில் 82. ஏதென்ஸ் நகரம் கட்டியவற்றில் பார்த்தெனானைத்தான் நாம் எல்லாரும் பார்க்கப் போகிறோம். கூரையின் பரப்பை வைத்துப் பார்த்தால் இந்தக் கொட்டகைகள் அதைச் சுண்டைக்காய் ஆக்கிவிடும்.

கொட்டகை இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்குச் சிசிலியிலேயே ஒரு பழைய கடிதம் இருக்கிறது. கி.மு. 414-இல் சிராக்யூஸை முற்றுகையிட்ட ஏதென்ஸ் தளபதி நிக்கியாஸ் ஊருக்கு எழுதியது. கப்பல்கள் இவ்வளவு காலம் கடலிலேயே கிடந்து ஊறிவிட்டன, எதிரி எந்நேரமும் தாக்கலாம் என்பதால் கரையேற்றிக் காயவைக்க வழியில்லை, ஆட்களும் தேய்ந்துகொண்டிருக்கிறார்கள் என்று புலம்புகிறார். சண்டையில் ஒரு அடி வாங்காத கப்பலும் மெல்லச் செத்துக்கொண்டிருக்கும் என்பதை விளையாட்டில் உயிர் அளவைக் காட்டும் எந்த 'எச்பி' பட்டையும் நமக்குக் காட்டாது.

கார்தேஜின் வட்டத் துறைமுகம் இந்த வகையின் உச்சம். வணிகத் துறைமுகத்தைத் தாண்டி உள்ளே போனால் வட்டமான போர்த் துறைமுகம்; நடுவில் ஒரு தீவு; சுற்றிலும் 220 கப்பலுக்கான கொட்டகைகள்; ஒவ்வொன்றின் முகப்பிலும் இரண்டு அயோனியத் தூண்கள்; நுழைவாயில் 70 அடி, இரும்புச் சங்கிலியால் மூடக்கூடியது; தீவின் மேல் கடற்படைத் தலைவனின் மாளிகை. இது அப்பியான் என்ற பண்டைய வரலாற்றாளர் தரும் வர்ணனை. 1970-களில் ஹென்றி ஹர்ஸ்ட் தலைமையில் பிரிட்டிஷ் குழு தோண்டியபோது தீவில் மட்டும் சுமார் 30 கப்பல் சரிவுகளின் அடையாளம் கிடைத்தது. இன்று துனிஸ் நகரப் புறத்தில் வீடுகளுக்கு நடுவே ஒரு அமைதியான குளம் மாதிரி அது கிடக்கிறது. ஆனால் கிடைத்த கட்டுமானம் கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நாம் பேசும் போருக்கு இரண்டு தலைமுறை பிந்தியது. விளையாட்டுப் பெட்டிகளின் மேல் முதல் பியூனிக் போர்க் கப்பல்களுக்குப் பின்னால் இந்த வட்டத்தை வரைந்துவிடுவது ஓவியர்களின் தாராளம்.

சிவிலைசேஷன் என்ற கணினி விளையாட்டு வரிசையின் ஆறாம் பாகத்துக்கு 2019-இல் வந்த கேதரிங் ஸ்டார்ம் விரிவாக்கத்தில், கார்தேஜின் கதைகளில் வரும் அரசி டீடோ ஆளும் ஃபினீசியாவுக்குக் 'கோத்தான்' என்று தனித் துறைமுகம் கொடுத்தார்கள். அங்கே கப்பல் சீக்கிரம் கட்டலாம், அடிபட்ட கப்பல் அதன் எல்லைக்குள் வந்தால் குணமாகும். இரண்டில் இரண்டாவதைத்தான் நான் மெச்சுவேன். கப்பலைப் பேணும் இடமாகத் துறைமுகத்தைப் பார்த்தவர்கள் குறைவு.

கோழி மீது பழி

249-இல் ரோமத் தளபதி பூப்லியஸ் கிளாடியஸ் புல்கர், மேற்குச் சிசிலியில் கார்தேஜ் வசமிருந்த ட்ரெப்பனா துறைமுகத்தைத் தாக்கப் போனார். இன்றைய ட்ராப்பனி. கிளம்பும் முன் சகுனம் பார்க்கும் புனிதக் கோழிகள் இரை தின்ன மறுத்தன. "தின்னாவிட்டால் குடிக்கட்டும்" என்று கூட்டோடு கடலில் வீசச் சொன்னாராம். தோற்றார், கோழிக் கதை நிலைத்துவிட்டது.

கோழியை விட்டுவிட்டு பாலிபியஸ் சொல்லும் சாதாரண விவரத்தைப் பாருங்கள். லிலிபேயம் முற்றுகையில் ரோமர்கள் துடுப்பாளர்களையும் மண் வேலைக்கும் சண்டைக்கும் இறக்கிவிட்டார்கள். அதில் நிறையப் பேர் செத்துப்போனார்கள். ரோமிலிருந்து சுமார் 10,000 பேரைத் திரட்டிச் சிசிலிக்கு அனுப்பினார்கள். நீரிணையைக் கடந்து, மீதி வழியை நடந்தே வந்து சேர்ந்தார்கள். அவர்களை ஏற்றிக்கொண்டு உடனே சண்டைக்குப் போனார் கிளாடியஸ். புது ஆட்கள் வந்தது எதிரிக்குத் தெரியாது, ஆகவே அசந்திருப்பான் என்பது அவர் போட்ட கணக்கு.

ட்ரெப்பனா துறைமுகத்தின் வாயில் இந்தப் புது ஆட்கள் கப்பலைத் திருப்ப வேண்டியிருந்தது. உள்ளே போன கப்பல், வெளியே வரும் கப்பல், இன்னும் நுழைந்துகொண்டிருக்கும் கப்பல் எல்லாம் ஒன்றோடொன்று முட்டித் துடுப்புகள் முறிந்தன. கார்தேஜ் தளபதி அதர்பால் இதற்குள் வெளியேறி ஆழ்கடல் பக்கம் நின்றுகொண்டார். கரைக்கும் எதிரிக்கும் நடுவே மாட்டிய ரோமக் கப்பல்களில் 93 பிடிபட்டன. முப்பது வாக்கில் தப்பின. அதே வருடம் மற்றொரு ரோமக் கப்பல்படை புயலில் சுக்குநூறானது.

இந்தப் போரில் கார்தேஜ் கடலில் பெற்ற மிகப் பெரிய வெற்றி இது. கையில் நல்ல கப்பல், நல்ல ஆள், எதிரிக் கப்பலும் டஜன் கணக்கில். அடுத்த ஏழு வருடம் ரோமிடம் சொல்லும்படி கப்பல்படை இல்லை. கார்தேஜ் என்ன செய்தது? கப்பல்களைக் கொட்டகையில் ஏற்றியது. காசில்லை. எகிப்தின் டாலமி மன்னனிடம் 2,000 தாலந்து (பெரிய எடை அளவு) வெள்ளி கடன் கேட்டு, கிடைக்கவில்லை. ஆப்பிரிக்காவிலும் ஒரு பக்கம் சண்டை. கப்பல் காய்ந்து பத்திரமாக இருந்தது. துடுப்பாளர்கள் கலைந்து போனார்கள். மனிதர்களைக் கொட்டகையில் காயவைக்க முடியாதே.

ஈகடித் தீவுகள்

ரோம் கஜானாவும் காலிதான். 242-இல் பணக்காரக் குடிமக்கள் ஒருவராகவோ, இருவர் மூவர் சேர்ந்தோ, ஆளுக்கொரு கப்பல் கட்டித் தந்தார்கள். ஜெயித்தால் திருப்பித் தரவேண்டும் என்பது ஒப்பந்தம். 200 குவின்குரீம். இம்முறை அச்சு, லிலிபேயம் முற்றுகைக்குள் புகுந்து புகுந்து ரோமர்களைக் கேலிசெய்துகொண்டிருந்த 'ரோடியன்' ஹன்னிபால் என்ற இன்னொரு கார்தேஜ் மாலுமியின் வேகக் கப்பல். அவரைப் பிடித்தபோது கிடைத்தது.

கப்பலைவிட, தளபதி கையஸ் லுட்டாட்டியஸ் காட்டுலஸ் அடுத்துச் செய்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சிசிலிக்கு வந்து இறங்கியதும் அவர் ஒவ்வொரு நாளும் துடுப்பாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். சாப்பாட்டிலும் கண் வைத்தார். மாதக்கணக்கில்.

241 மார்ச் 10. சிசிலிக்கு மேற்கே ஈகடித் தீவுகள் பக்கம். ஹன்னோ தலைமையில் கார்தேஜ் கப்பல்படை, ட்ரெப்பனா அருகே எரிக்ஸ் மலையில் சிக்கியிருந்த தங்கள் படைக்குத் தானியம் கொண்டுவந்தது. தானியத்தை இறக்கிவிட்டு, அங்கிருந்த தரைப்படைத் தளபதி ஹாமில்கார் பார்க்காவின் தேர்ந்த வீரர்களை ஏற்றிக்கொண்டு, அதற்கப்புறம் ரோமோடு மோதுவது திட்டம். ரோமர்கள் மறுபடி கடலுக்கு வருவார்கள் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்கவில்லை. துடுப்பாளர்கள் அவசரத்துக்குச் சேர்த்தவர்கள். கப்பல் முழுக்கப் பாரம். காற்று கார்தேஜுக்குச் சாதகம், கடல் கொந்தளிப்பு. காத்திருந்தால் பாரம் இறங்கிவிடும், வீரர்கள் ஏறிவிடுவார்கள் என்று புரிந்துகொண்ட காட்டுலஸ் எதிர்காற்றிலேயே போய் மறித்தார். 50 மூழ்கின, 70 பிடிபட்டன. கார்தேஜ் சமாதானம் கேட்டது. சிசிலி போயிற்று. கடைசியில் 3,200 தாலந்து கட்ட ஒப்புக்கொண்டார்கள்.

அந்தக் கடலடியில், சுமார் 80 மீட்டர் ஆழத்தில், கடந்த இருபது வருடமாக வெண்கல முட்டுமுனைகளை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். 25-க்கு மேல் கிடைத்துவிட்டன. செபஸ்தியானோ தூசா என்ற இத்தாலியத் தொல்லியலாளர் தொடங்கிவைத்த ஆய்வு. இரண்டு விஷயம் இதில் ருசியானது. ஒன்று, முட்டுமுனைகள் சிறியவை. பல கப்பல்கள் குவின்குரீம் அளவே இல்லை, ட்ரைரீம் அளவாகத்தான் இருந்திருக்க வேண்டும். பாலிபியஸின் எண்ணுக்கு இது ஒரு குட்டு. இரண்டு, பெரும்பாலானவற்றில் லத்தீன் எழுத்து. இன்ன அதிகாரி சரிபார்த்து ஏற்றார் என்ற முத்திரை. தோற்றவன் கப்பல்கள்தான் அதிகம் மூழ்கின என்றால் ஏன் ரோமப் பெயர்கள்? ட்ரெப்பனாவில் பிடித்த ரோமக் கப்பல்களையே கார்தேஜ் இங்கே ஓட்டிவந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் சொல்லும் விடை. அப்படியென்றால் அன்று இரு பக்கமும் ரோமின் அதிகாரி தட்டிப் பார்த்து ஏற்றுக்கொண்ட கப்பல்கள். வலித்த கைகள் மட்டும்தான் வேறு.

ஒரு வீட்டு விதி

இதையெல்லாம் படித்தபின் பழைய விளையாட்டை எடுத்து ஆடிப் பார்த்தேன். எனக்கு நானே ஒரு விதி: ஒவ்வொரு போர்க்கப்பல் இறங்கும்போதும் மூன்று வில்லேஜர்களைத் தேர்ந்தெடுத்து டெலீட் பொத்தானை அமுக்க வேண்டும். அவர்கள் துடுப்புக்குப் போனார்கள் என்று கணக்கு. 50 ஆள் வரம்பில், கப்பல்களின் விலை 30 சதவீதம் குறைவான மினோவன்கள் என்ற இனத்தை எடுத்துக்கொண்டேன். மரத்தில் சலுகை, ஆளில் சலுகை இல்லை.

முதல் கப்பல் ஜாலியாக இருந்தது. இரண்டாவதுக்கு மரம் வெட்டுகிறவர்களை எடுத்தேன். மூன்றாவதுக்கு வயலிலிருந்து. நான்காவது இறங்கியபோது மரம் வெட்ட ஆளில்லாததால் ஐந்தாவது கப்பலுக்கு மரம் சேரவே இல்லை. அதைவிட வேடிக்கை, நான்கையும் சண்டைக்கு அனுப்பவே மனசு வரவில்லை. எதிரியின் மீன்பிடிப் படகு ஒன்று கண்ணுக்கு எதிரே வலைபோட்டுக்கொண்டிருந்தது. அதை அடிக்கப் போனால் அங்கே கோபுரம் இருக்குமோ, ஒன்று போனால் மூன்று பேர் போனது போனதுதானே என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். கணினி இரும்புக் காலத்துக்குப் போனது. என் நான்கு கப்பலும் ஒரு கீறல்கூட இல்லாமல் டாக் ஓரமாக நின்றன.